துபாஷி எங்கே?

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீடு எதற்காவது போயிருக்கிறீர்களா? போனால் கவனித்துப் பாருங்கள். வந்தவரிடம் தமிழில் நலம் விசாரிப்பார்கள். அப்படியே உள்பக்கம் திரும்பி, காப்பி கொண்டுவரச் சொல்லித் தெலுங்கில் ஒரு குரல். மறுபடி வந்தவரிடம் தமிழ். நடுவில் ஒரு நொடி தயக்கம் இருக்காது. விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்களின் வம்சம். எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன. இன்னமும் வீட்டுக்கு ஒரு பாஷை, வீதிக்கு ஒரு பாஷை.

இப்படி இரண்டு பாஷையும் கைவந்த ஆசாமிக்குச் சரித்திரத்தில் ஓர் உத்தியோகமே இருந்தது. துபாஷி. பாண்டிச்சேரியில் கவர்னர் துப்ளேவுக்கும் ஊருக்கும் நடுவே அப்படி நின்றவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 தொடங்கி 1761 வரை அவர் எழுதிவைத்த டைரியைப் புரட்டினால், ஒரு துபாஷிக்கு எத்தனை வேலை என்பது புரியும். அவர் ஒருநாள் படுத்துவிட்டால் போச்சு. கப்பல் கரையில் நிற்கும். சரக்கும் இருக்கும். வியாபாரம் மட்டும் நடக்காது.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் துபாஷிகள் இருக்கிறார்கள். டிரைவர் என்று பெயர். பிரிண்டருக்கு ஒருவர், ஸ்பீக்கருக்கு ஒருவர், திரைக்கு ஒருவர். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது நெட்வொர்க் கார்டின் துபாஷியை. அவர் வந்த கதை. வராமல் அடம்பிடித்த கதை. கடைசியில் யாரோ சில பேர் ராத்திரி கண் விழித்து, அவரைத் தாங்களே உருவாக்கிய கதை.

அமெரிக்காவிலும் பின்லாந்திலும் நடந்த சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமும், அங்கிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கமும் ஒரு காலத்தில் முளைத்த ப்ரௌசிங் சென்டர்களின் தலையெழுத்தை எழுதிய கதை இது. உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிற பழைய லேப்டாப்புக்கு ஆயுள் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று தீர்மானிக்கப்போகிற கதையும் கூட.

*

முதலில் கொஞ்சம் அடிப்படை. பயப்படாதீர்கள், நான் பி.காம். எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்லப்போகிறேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நட்டநடுவே இருக்கும் பகுதிக்கு கெர்னல் என்று பெயர். விதைக்குள் இருக்கும் பருப்பு என்று அர்த்தம். நீங்கள் பார்க்கிற ஜன்னல்கள், படங்கள் எல்லாம் மேல்தோல். பருப்புதான் உள்ளே உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி என்று பட்டுவாடா செய்கிறது.

நெட்வொர்க் கார்டு ஒரு தனி ஜந்து. அதற்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரத் துடிப்பு. கேபிளில் ஒரு துடிப்பு வந்தால் வாங்கிக்கொள்ளும். கொடுத்தால் அனுப்பும். கெர்னலுக்கு இது ஒன்றும் புரியாது. 'இந்தக் கடிதத்தை அனுப்பு' என்று கெர்னல் சொல்வதைக் கார்டின் மொழிக்கு மாற்றி, 'கடிதம் வந்திருக்கிறது' என்று கார்டு அடிக்கிற மணியைக் கெர்னலின் மொழிக்கு மாற்றிச் சொல்பவர்தான் டிரைவர். துபாஷி.

மணி என்று சொன்னேன் அல்லவா? அது வெறும் உவமை இல்லை. பழைய பி.சி.க்களில் நிஜமாகவே மணி அடிக்கும் கம்பிகள் மாதிரி 0 முதல் 15 வரை பதினாறு தடங்கள் இருந்தன. ஐ.ஆர்.க்யூ. என்பார்கள். கடிகாரத்துக்கு 0. கீபோர்டுக்கு 1. ஃபிளாப்பிக்கு 6. ஹார்ட் டிஸ்க்குக்கு 14. இப்படி ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டதுபோக மிச்சமிருப்பதில் ஒன்றை நெட்வொர்க் கார்டுக்குத் தரவேண்டும். கூடவே ஒரு கதவு எண்ணும் தரவேண்டும். கெர்னல் எந்தக் கதவைத் தட்டினால் கார்டு திறக்கும் என்பதற்கு. 300 என்கிற எண் அந்நாளில் ரொம்பப் பிரசித்தம்.

இதையெல்லாம் யார் ஒதுக்கிக் கொடுப்பது? நீங்கள்தான். கார்டைக் கழற்றி, அதன் முதுகில் இருக்கும் குட்டி ஊசிகளின் மீது ஜம்பர் என்கிற பிளாஸ்டிக் தொப்பியை இந்த ஊசியிலிருந்து எடுத்து அந்த ஊசியில் மாட்ட வேண்டும். தப்பாக மாட்டினால்? 3 என்ற தடம் இரண்டாவது சீரியல் போர்ட்டுக்குச் சொந்தம். அதில் மோடம் மாட்டியிருப்பீர்கள். பல நெட்வொர்க் கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே அதே 3-ல் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே மணிக்கயிற்றை இரண்டு பேர் இழுத்தால் பியூன் யாரிடம் ஓடுவான்? மெஷின் அப்படியே உறைந்து நிற்கும்.

*

இப்போது ஹெல்சிங்கி.

1991 ஆகஸ்ட் 25. லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக ஊருக்கெல்லாம் சொன்னார். அடுத்த மாதமே முதல் வடிவம் வந்துவிட்டது. ஏறக்குறைய பத்தாயிரம் வரிகள். லினக்ஸ். அதில் நெட்வொர்க் என்ற பேச்சே கிடையாது. ஊரோடு ஒட்டாத தனிக்குடித்தனம்.

1992-ல் ராஸ் பைரோ என்பவர் அதற்கு இன்டர்நெட் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். ஃப்ரெட் வான் கெம்பன் அதை எடுத்துத் திருத்தினார். பிறகு வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீயிலிருந்து ஆலன் காக்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்து, உடைந்ததையெல்லாம் ஒட்ட ஆரம்பித்தார். 1994 மார்ச் 14 அன்று லினக்ஸ் 1.0 வெளியானபோது அதற்கு நெட்வொர்க் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது சரி. கார்டுகளோடு பேச வேண்டுமே? சந்தையில் ஆயிரம் கம்பெனி, ஆயிரம் கார்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி வேண்டும். கம்பெனிக்காரர்கள் மைக்ரோசாஃப்ட்டுக்கும் நாவெலுக்கும் மட்டும் துபாஷிகளை அனுப்பிவைத்தார்கள். இந்தக் கல்லூரிப் பையன்களை யார் மதித்தார்கள்?

ஒருத்தர் வந்தார். டொனால்ட் பெக்கர். அமெரிக்காவின் மேரிலாந்தில், போவி என்ற ஊரில், சூப்பர்கம்ப்யூட்டிங் ரிசர்ச் சென்டரில் வேலை. ஒரு கார்டை வாங்குவார். அதன் சிப்பைப் பற்றி என்ன காகிதம் கிடைக்கிறதோ படிப்பார். டிரைவர் எழுதுவார். வெளியிடுவார். அடுத்த கார்டு. இப்படி ஒன்று, இரண்டு அல்ல. அந்நாளைய லினக்ஸில் இருந்த நெட்வொர்க் டிரைவர்களில் கணிசமானவை அந்த ஒரு மனிதரின் கைவேலை.

இதில் ஒரு விசித்திரம். அந்த ஆராய்ச்சி மையம் யாருக்காக வேலை செய்தது தெரியுமா? என்.எஸ்.ஏ. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. ஊர் உலகத்து ரகசியங்களை ஒட்டுக்கேட்பதற்கென்றே இருக்கிற அமைப்பு. பெக்கர் 1993-ல் எழுதிய டிரைவர்களின் தலையில் காப்புரிமை வாசகம் இருக்கிறது. அமெரிக்க அரசு, அதன் சார்பில் தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநர். அடுத்த வரியிலேயே, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பகிரலாம் என்கிற பொது உரிமம். ரகசியத்தைக் கட்டிக்காக்கிற இடத்திலிருந்து உலகத்துக்கே திறந்துவிட்ட கதவு. சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி.

பிற்பாடு பெக்கர் நாசாவின் காடர்ட் மையத்துக்குப் போனார். 1994-ல் தாமஸ் ஸ்டெர்லிங் என்பவரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். கடையில் கிடைக்கிற சாதாரண 486 பிராசஸர் போட்ட பதினாறு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் லினக்ஸ். சாதாரண ஈதர்நெட் கார்டுகளால் அவற்றைக் கோத்தார்கள். ஒரு கார்டின் வேகம் போதவில்லை. ஒரே மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகளைச் செருகி, அவற்றை ஒரே கார்டு மாதிரி நடிக்கவைக்கும்படி டிரைவரை மாற்றினார். பேவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். ஏழைகளின் சூப்பர்கம்ப்யூட்டர். அமெரிக்கா கிரே சூப்பர்கம்ப்யூட்டரைத் தர இழுத்தடித்ததால் இந்தியா 1988-ல் சி-டாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1991-ல் பரம் 8000 செய்தது நினைவிருக்கிறதா? அந்த சி-டாக்கை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் வருவார்கள்.

*

பெக்கர் எழுதியவற்றுள் நம்மூருக்கு வந்து சேர்ந்தது ஒன்று. என்.இ. 2000.

அது நாவெல் கம்பெனியின் கார்டு. நாவெலுக்குக் கார்டு விற்றுச் சம்பாதிப்பது நோக்கமில்லை. நெட்வேர் என்ற தன்னுடைய சாஃப்ட்வேரை விற்கவேண்டும். கார்டு விலை இறங்கினால் நெட்வொர்க் போடுகிறவர்கள் கூடுவார்கள், நெட்வேர் விற்கும். பேனா விற்பதற்காக மையை மலிவாகக் கொடுப்பது மாதிரி. அந்தக் கார்டு, நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியின் 8390 என்ற சிப்பைச் சுற்றி அமைந்தது. அந்தச் சிப் எப்படி வேலை செய்யும் என்கிற விவரப் புத்தகம் எல்லோருக்கும் கிடைத்தது. விட்டார்களா தைவான்காரர்கள்? அச்சு அசலாக அதே மாதிரி கார்டுகளை அடித்துத் தள்ளினார்கள். பெட்டியில் என்ன பேர் இருந்தாலும் உள்ளே என்.இ. 2000. ஒரே துபாஷி அத்தனை பேருக்கும் பேசினார்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் தென்மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் இந்த ஜாதிதான். பிறகு பி.சி.ஐ. கார்டுகள் வந்தபோது அதே தைவானிலிருந்து ரியல்டெக் 8139. சிப்பின் மேல் ஒரு நண்டுப் படம் இருக்கும். பார்த்திருப்பீர்கள். விலை மலிவு. தரமும் அதற்கேற்றபடிதான் என்று டிரைவர் எழுதியவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் விவரம் கிடைத்தது, டிரைவர் எழுதினார்கள், ஓடியது.

அந்தக் காலத்தில் லினக்ஸில் ஒரு கார்டை ஓட்டுவதென்றால் கெர்னலையே நீங்கள் சமைக்க வேண்டும். 1990-களின் பின்பாதியில் பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி கொடுப்பார்கள். அதைப் போட்டு, கெர்னலைக் கட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்தால், வாத்தியார் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பிக்கும். இது வேண்டுமா? ஆம், இல்லை. அது வேண்டுமா? ஆம், இல்லை. நூற்றுக்கணக்கில். ஒன்றில் தப்பாகப் பதில் சொல்லிவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. முதலிலிருந்து ஆரம்பம். (பிறகு மெனு வைத்த வடிவம் வந்து புண்ணியம் கட்டிக்கொண்டது.)

அதிலும் ஒரு பொறி. உலகத்திலேயே அதிகம் பரவிய என்.இ. 2000 கார்டு, அந்தக் கேள்வித்தாளில் 'இதர ஐ.எஸ்.ஏ. கார்டுகள்' என்ற தலைப்பின்கீழ் ஒளிந்திருந்தது. 'நம்மிடம் இருப்பது பிரபலமான கார்டாயிற்றே, இதர எதற்கு?' என்று அங்கே 'இல்லை' சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தக் கேள்வியே வராது. ரேஷன் கடையில் 'இதரவை' என்ற நோட்டில்தான் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்பது மாதிரி.

எல்லாம் சரியாகப் பதில் சொல்லி, 'கட்டு' என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் படுத்துவிடலாம். 486 மெஷினில் மணிக்கணக்கில் ஓடும். காலையில் எழுந்து, ரீபூட் செய்து, திரையில் வெள்ளெழுத்துகள் ஓடும்போது ஒரு வரிக்காகக் காத்திருக்க வேண்டும். கார்டின் பெயர், 300 என்ற கதவு எண், மணித்தடத்தின் எண். அந்த வரி வந்தால் துபாஷி வேலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். வரவில்லையா? இன்னொரு ராத்திரி.

டிரைவரை முழுக் கெர்னலோடு சேர்த்துச் சமைக்காமல், வேண்டும்போது மட்டும் செருகிக்கொள்ளும் மாட்யூல் முறை பிறகு பரவலாக வந்தது. அப்போதும் கதவு எண்ணை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஏன், தானே தேடிக்கொள்ளாதா? தேடும். ஆனால் இருட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது ஆபத்து. தப்பான கதவைத் தட்டினால் அங்கே வேறொரு கார்டு தூங்கிக்கொண்டிருக்கும். எழுந்து அறைந்துவிடும்.

*

ராஜபாளையத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ஆரம்பித்த ராஜபாளையம் மில்லிலிருந்து கிளைவிட்ட குழுமத்தின் பிள்ளைதான் ராம்கோ சிஸ்டம்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில், கிருஷ்ணன்கோவிலில், 1984-லேயே கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்தது லைனுக்குத்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பெருநகரங்களில் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சிறு நகரத்துக்காரன் எஸ்.டி.டி. போட்டுப் பேச வேண்டும். ஒரு மெயில் பார்க்க ஒரு மெட்ராஸ் கால். பின்னால் பி.எஸ்.என்.எல். சஞ்சார்நெட் வந்து, உள்ளூர் கால் கட்டணத்தில் டயல் செய்ய முடிந்த பிறகுதான் ப்ரௌசிங் சென்டர்கள் முளைத்தன. பிளைவுட் தடுப்பு. ஐந்தாறு கம்ப்யூட்டர். ஒரு ஹப். ஒரே ஒரு டெலிபோன் லைன். அதை எல்லா மெஷினுக்கும் பங்குபோட ஒரு மெஷின் வாசலில் நிற்கும். ஒரு பக்கம் மோடம், மறுபக்கம் லேன் கார்டு. பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸைப் போட்டு இந்த வேலைக்கு நிறுத்துவது அந்நாளில் ஊர் ஊருக்கு நடந்த சிக்கனம். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். நண்டு கார்டு உடனே பேசிவிடும்.

மோடம்? அங்கேதான் வந்தது வினை.

வெளியே வைக்கிற மோடம் பெட்டிக்குச் சொந்த மூளை உண்டு. உலகம் பூராவும் ஒரே பொதுமொழி. டயல் பண்ணு என்றால் பண்ணும். ஆனால் விலை அதிகம். உள்ளே செருகுகிற மோடம் கார்டு சல்லிசு. எப்படிச் சல்லிசு? உள்ளிருந்த மூளையைப் பிடுங்கிவிட்டார்கள். மோடம் செய்யவேண்டிய கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டிவிட்டு, அதற்கான டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதினார்கள். வின்மோடம் என்றே அதற்குப் பெயர். லினக்ஸ் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி படுத்திருக்கும்.

ராஜபாளையம்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 2005-ல் தபால்தலை வரைக்கும் போன பெருமை கொண்ட அவர்கள் ஊர் நாய், ஒரே எஜமானுக்குத்தான் கட்டுப்படும் என்பார்கள். வேறு யார் சோறு வைத்தாலும் சீண்டாது. நாய்க்கு அது லட்சணம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மோடத்துக்கு?

பெட்டியைத் திறந்தால் பளபளவென்று கார்டு இருக்கிறது. ரிப்பேர் ஒன்றுமில்லை. ஆனாலும் செத்த பொருள். ஏனென்றால் அதன் பாஷை தெரிந்த ஒரே துபாஷி வேறொருத்தரிடம் வேலை பார்க்கிறார். அகராதியைத் தர கம்பெனிக்கு மனசில்லை.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்து இந்த மோடத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியது. புது மோடம் பெட்டிகள் பலவற்றில் இரண்டு ஓட்டைகள். யு.எஸ்.பி.யில் செருகினால் டிரைவர் சிடி வேண்டும். ஈதர்நெட்டில் செருகினால் ஒன்றும் வேண்டாம். லேன் கார்டு இருந்தால் போதும். நண்டு மறுபடி ஜெயித்தது.

*

நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால், வயரே இல்லாமல் வந்தது வை-ஃபை. 2003-ல் இன்டெல் சென்ட்ரினோ லேப்டாப்புகள். லினக்ஸுக்கு டிரைவர் இல்லை. பிராட்காம் சிப் போட்ட லேப்டாப்புகளோ வாயே திறக்கவில்லை. மறுபடி அதே பழைய கதை.

கம்பெனிகள் ஏன் இப்படி மூடி வைத்தன? நியாயமான காரணங்களும் இருந்தன. போட்டிக்காரன் பார்த்துவிடுவான். பேட்டன்ட் வழக்கு வரும். வை-ஃபை என்பது ரேடியோ. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்று ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. டிரைவரைத் திறந்து கொடுத்தால் எவனாவது திருகி வைப்பான், அரசாங்கம் நம்மைக் கேட்கும். இவை போக, சொல்லாத காரணம் ஒன்று. லினக்ஸ்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக எதற்கு மெனக்கெட வேண்டும்?

இன்டெல் 2004-ல் மனம் மாறித் தானே டிரைவர் கொடுத்தது. மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் இரண்டு குழுக்கள் இரண்டு விதமாகக் கிளம்பின.

முதல் வழி கொஞ்சம் திருட்டுத்தனமானது, சிரிப்பானது. பான்டஸ் ஃபுக்ஸ் என்பவரும் கிரிதர் பெம்மசானி என்பவரும் சேர்ந்து என்டிஸ்ராப்பர் என்று ஒன்று செய்தார்கள். விண்டோஸின் துபாஷியையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவது. அவர் விழித்துப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதே? லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸ் மாதிரி ஒரு நாடக செட் போட்டுவிட்டார்கள். அவர் பாட்டுக்குப் பழைய எஜமானிடம் பேசுவதாக நினைத்து வேலை செய்வார். சில வருஷங்களுக்கு எத்தனையோ பேருக்கு இதுதான் கதி மோட்சம்.

இரண்டாவது வழி தவம். பிராட்காம் சிப்புக்கு இரண்டு அணிகள். ஓர் அணி, இருக்கிற டிரைவரைப் பிரித்து மேய்ந்து, சிப்புக்கு என்ன சொன்னால் என்ன செய்கிறது என்று குறிப்பு எழுதும். ஒரு வரி புரோகிராம் எழுதாது. இன்னோர் அணி அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக டிரைவர் எழுதும். அசலை எட்டிக்கூடப் பார்க்காது. குருக்ஷேத்திரத்தை சஞ்சயன் பார்த்துச் சொல்ல, திருதராஷ்டிரன் கேட்டுக்கொண்ட மாதிரி. திருடினாய் என்று நாளை கோர்ட்டில் யாரும் கைநீட்டக் கூடாது என்பதற்காக இத்தனை ஆசாரம். 2006 ஜூனில் அந்த டிரைவர் அதிகாரபூர்வமாக லினக்ஸ் கெர்னலுக்குள் போனது.

2007 ஜனவரியில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் என்ற கெர்னல் புள்ளி ஓர் அறிவிப்பே வெளியிட்டார். கம்பெனிக்காரர்களே, உங்கள் கருவியின் விவரத்தை மட்டும் கொடுங்கள், டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம். பி.காம். மூளைக்கு இது ரொம்ப வசீகரமான பேரம். கார்டு கம்பெனிக்கு டிரைவர் எழுதுவது வருமானமா? செலவு. அந்தச் செலவைச் சும்மா ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருத்தன் வீடு தேடி வருகிறான். அவனிடம் கதவைச் சாத்துவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கதவு திறந்தது. ஆனால் தர்ம நியாயத்துக்காக இல்லை. 2003-லேயே லிங்க்சிஸ் ரௌட்டர் ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ரௌட்டர்கள், டேட்டா சென்டர்கள், ஆண்ட்ராய்ட் போன்கள் எல்லாவற்றிலும் லினக்ஸ் கெர்னல். சிப் விற்கவேண்டுமானால் லினக்ஸ் டிரைவர் இருந்தாக வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 2008-ல் ஏத்தரோஸ் இறங்கிவந்தது. 2010 செப்டம்பரில், சாட்சாத் பிராட்காமே, திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது.

*

இனி தமிழ்நாடு.

2007 வாக்கில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அரசின் எல்காட் நிறுவனம் விண்டோஸை விட்டு சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007-ல், நான் ஞாபகம் வைத்திருக்கச் சொன்ன சி-டாக், தன் சென்னை மையத்திலிருந்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை முத்திரையாகக் கொண்ட அரசு, அந்தக் கோபுரத்தின் நிழலில் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு லேப்டாப் கொடுத்தது. அதற்குள் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது.

எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? பல வீடுகளில் முதல் காரியமாக, தெரிந்த பையனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் சிடியைப் போட்டார்கள். போட்டதும் வை-ஃபை காணாமல் போகும். டிரைவர் இல்லை. டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு வை-ஃபை வேண்டும். வை-ஃபைக்கு டிரைவர் வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. அழித்துப் போட்ட லினக்ஸில் அந்த வை-ஃபை சாதாரணமாக வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. பதினைந்து வருஷத்தில் சக்கரம் முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டது.

இன்றைக்கு நீங்கள் ஒரு கார்டைச் செருகினால் கெர்னல் கேட்கும் முதல் கேள்வி, உன் பேர் என்ன? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண். ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண். இன்டெல்லின் எண் 8086. 1978-ல் அவர்களுக்கு வாழ்வு கொடுத்த சிப்பின் பேரையே வீட்டு எண்ணாக வைத்துக்கொண்டார்கள். எண்ணைச் சொன்னதும் கெர்னல் தன் பட்டியலைப் பார்த்து, உரிய துபாஷியை எழுப்பி அனுப்புகிறது. ஜம்பர் இல்லை. கேள்வித்தாள் இல்லை. கண் விழிக்க வேண்டாம். எல்லாம் ஒரு நொடி.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட ஆசைதான். முடியாது. மலிவான யு.எஸ்.பி. வை-ஃபை குச்சிகள் சில இன்னமும் வேலை செய்வதில்லை. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது யார் தெரியுமா? அதே நண்டு. அன்றைக்குக் கை கொடுத்த கம்பெனியே இன்றைக்குச் சில சிப்புகளில் கையை விரிக்கிறது. அதனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 'லினக்ஸ் கெர்னலில் இதற்கு டிரைவர் இருக்கா?' அவர் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வரும்போது தெரிந்துவைத்திருப்பார். கம்பெனிகள் அப்படித்தான் மாறின.

இன்னொன்று. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. புது விண்டோஸ், பழைய மெஷின்கள் பலவற்றை உள்ளே விடாது. பரணில் கிடக்கிற அந்த லேப்டாப்பைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, செருகிப் பாருங்கள். எதையும் அழிக்க வேண்டாம், சும்மா பென் டிரைவிலிருந்தே ஓடும். வை-ஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பேர் தெரிகிறதா? தெரிந்தால், இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தச் சிப்போடு மல்லுக்கட்டிய ராத்திரிக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875-ல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. திருநெல்வேலி கலெக்டராக இருந்தவர் பேரில் அமைந்தது. அங்கே போய் உட்கார்ந்து படிக்கிற யாரும், இந்தப் புத்தகம் யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. படிக்கிறவனுக்குச் சொந்தம். டொனால்ட் பெக்கர் 1993-ல் எழுதிய வரிகளும் அப்படித்தான். எந்த ஊர்ப் பிள்ளையும் இன்று திறந்து படிக்கலாம். தலையில் அந்த என்.எஸ்.ஏ. இயக்குநரின் பெயரோடு.